ஞாயிறு பயிற்சிக்கு வருபவர்களுக்கு

நண்பர்களே, பட்டாம்பூச்சிக் கத்தி (அலகின் இரு பக்கமும் மடங்கி மூடும் இரண்டு கைப்பிடிகள் உள்ள கத்தி) சுழற்றுவதில் கை அறுபடுவது பெரும்பாலும் ஒரே தவறால்தான்: எந்தக் கைப்பிடியைப் பிடித்திருக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். இரண்டு கைப்பிடிகளில் ஒன்றின் பக்கம் அலகின் கூரான விளிம்பு வந்து மூடும். மற்றொன்றின் பக்கம் மழுங்கிய முதுகு. முதுகு மூடும் கைப்பிடியைப் பிடித்தே தொடங்குங்கள். கைப்பிடிகளைப் பூட்டும் கொக்கியைப் பார்த்து அடையாளம் வைக்காதீர்கள். அது கத்திக்குக் கத்தி மாறும். ஒரு கைப்பிடியில் வண்ண டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் கூரில்லாத பயிற்சிக் கத்தியை மட்டும் எடுத்து வாருங்கள். கூர்க்கத்தி வீட்டிலேயே இருக்கட்டும், கோட்டைப் பூங்காவில் குழந்தைகள் ஓடுகிறார்கள்.

கைநழுவினால் விட்டுவிடுங்கள். விழும் கத்தியைப் பிடிக்கக் கை தானாகப் போகும்; எனக்குப் போனது, ஆள்காட்டி விரலில் மூன்று தையல். இப்போது கத்தி நழுவினால் கையை மார்போடு ஒட்டி, ஓரடி பின்னே நகர்கிறேன். பார்க்கக் கோமாளித்தனம்தான். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள்.

நம் ஊர் வெயிலில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும். துண்டு ஒன்று இடுப்பில் இருக்கட்டும். தொடங்கும் முன் கத்தியின் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று ஆட்டிப் பாருங்கள்.

வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்தாலோ, மடங்காவிட்டாலோ உடனே மருத்துவமனை. தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேளுங்கள்.

காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். பஞ்சும் கட்டுத்துணியும் நான் கொண்டு வருகிறேன்.