பால் வண்டி நம்பர் 1815

வேலூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள தந்தி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஐம்பது வருஷமாக உன் கையெழுத்தைப் படிக்கிறேன், இன்னும் எது 'ன', எது 'ள' என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. முட்டி வலி பற்றி நீ எழுதியது ஒரு முழுப் பக்கம். அதில் பாதி எனக்கும் பொருந்தும் என்பதால் பதில் எழுதவில்லை. மாடிப்படி ஏறுவதை நிறுத்து, அவ்வளவுதான்.

கடைசி வரியில் "பால் வண்டி நம்பர் 1815, சொல்லு வாத்தி" என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் வாசலில் நின்று, போகிற லாரி நம்பரைப் பார்த்து வருஷம் சொல்லுகிற அந்த விளையாட்டை நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். பதில் தெரியாதவன் டீ வாங்கித் தரவேண்டும். நம்ம குண்டன் மட்டும் எந்த நம்பர் வந்தாலும் "அந்த வருஷம் ஒரு ராஜா செத்தான்" என்பான். ஒரு தடவைகூட அவன் சொன்னதைத் தப்பென்று நிரூபிக்க முடிந்ததில்லை.

1815 என்றால் வாட்டர்லூ, நெப்போலியன் கடைசியாகத் தோற்ற சண்டை. முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் அப்படித்தான் நடத்தினேன். "ஜூன் 18, வாட்டர்லூ, அடிக்கோடு போட்டுக்கோ." பையன்களும் போட்டுக்கொண்டார்கள். இப்போது சாவகாசமாக உட்கார்ந்து அந்த வருஷத்தை மாதம் மாதமாக ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அடிக்கோட்டை வேறு இடத்தில் போடச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கே என்று பின்னால் சொல்கிறேன். முதலில் நீ வேலை பார்த்த தந்தி இலாகா விஷயம்.

அந்த வருஷமே தாமதமாகப் போன தந்தி மாதிரிதான் தொடங்குகிறது. பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் 1812 முதல் சண்டை. 1814 டிசம்பர் 24 அன்று இன்றைய பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் இரு தரப்பும் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சேதி கப்பலில் போகிறது. பதினைந்து நாள் கழித்து, ஜனவரி 8 காலையில், நியூ ஆர்லியன்ஸுக்கு வெளியே பிரிட்டிஷ் படை மண்மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஆண்ட்ரூ ஜாக்சனின் ஆட்களை நோக்கி நேராக நடந்து போனது. அரை மணி நேரம். செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து பிரிட்டிஷ் பக்கம் இரண்டாயிரம் பேர். தளபதி பேக்கனமும் செத்தார். இரு தரப்பும் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் சமாதானம் அமலுக்கு வரும் என்று பத்திரத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது, ஆகவே சட்டப்படி அது சண்டைக்காலம்தான் என்று வாதாடலாம். செத்தவன் வீட்டில் போய் அந்த ஷரத்தைப் படித்துக் காட்டினால் என்ன சொல்வார்கள்?

அடுத்தது இன்னும் உனக்குப் பிடிக்கும். பிப்ரவரி 26 அன்று நெப்போலியன், பதவி பறித்து நாடுகடத்தி வைத்திருந்த எல்பா தீவிலிருந்து நழுவி, மார்ச் 1 அன்று பிரான்ஸின் தெற்குக் கரையில் இறங்கினான். பிரான்ஸில் அப்போதே உன் தொழிலுக்கு ஒரு பாட்டன் இருந்தான். குன்றுக்குக் குன்று கோபுரம், கோபுரத்தின் உச்சியில் மரத்தால் செய்த கைகள். ஒருவன் அந்தக் கைகளை ஒரு கோணத்தில் நிறுத்துவான். அடுத்த கோபுரத்துக்காரன் தொலைநோக்கியில் பார்த்து அதே கோணத்தில் நிறுத்துவான். மூடுபனி விழுந்தால் ஆபீஸ் லீவு. தெற்குக் கரையிலிருந்து லியோன் வரை குதிரை, லியோனிலிருந்து பாரிஸுக்கு இந்த மரக்கை. ஐந்தாம் தேதி மன்னர் பதினெட்டாம் லூயிக்குச் சேதி கிடைத்துவிட்டது. அந்தக் காலத்துக்கு அசுர வேகம்.

வியன்னாவில் ஐரோப்பாவின் ராஜாக்களும் மந்திரிகளும் மாதக்கணக்கில் உட்கார்ந்து எல்லைக்கோடு வரைந்துகொண்டிருந்தார்கள். மார்ச் 7. முந்தைய இரவு கூட்டம் முடிய மூன்று மணி. ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக் தன்னை எழுப்பவே கூடாது என்று வேலைக்காரனிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். ஆறு மணிக்கு ஜெனோவாவிலிருந்து ஒரு கடிதம், மேலே 'அவசரம்' என்று எழுதி. மனிதர் அதைப் பிரிக்காமல் தலைமாட்டு மேஜையில் வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடினார். தூக்கம் வரவில்லை. ஏழரை மணிக்குப் பிரித்தால், எல்பாவில் நெப்போலியனைக் காணோம் என்று ஆறே வரியில் இருந்தது. நீ சேவையிலிருந்த காலத்தில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பாய்! நடுராத்திரி சைக்கிளில் போய்க் கதவைத் தட்டினால், வாங்கி மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்களை.

இப்போது தேதியைக் கவனி. நெப்போலியன் கரையிறங்கியது மார்ச் 1. அதற்கு மறுநாள், மார்ச் 2, கண்டி அரண்மனையின் மண்டபத்தில் ஓர் ஒப்பந்தத்தை வாசித்தார்கள். இலங்கையின் கடைசி ராஜ்யம் அன்றோடு பிரிட்டிஷ்காரனுக்குப் போனது. அங்கே ஒருவன் கிரீடத்தைத் தேடி நடக்கிறான், இங்கே ஒருவனுடைய கிரீடம் கழன்றுவிட்டது. ஒருவனுக்கு இன்னொருவன் கதை தெரியாது.

ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி, மதுரை நாயக்கர் வழி. ஒரேயடியாக அவன்மேல் பரிதாபப்படவும் முடியாது. எதிரிகளோடு சேர்ந்துவிட்ட மந்திரி எஹலப்பொலையின் மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் 1814இல் கொல்லச் சொன்னவன் அவன். அதோடு ஊரே அவனைக் கைவிட்டது. பிப்ரவரி 18 அன்று ஒளிந்திருந்த இடத்தில் பிடிபட்டான். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: மலபார் சாதி ஆண்கள் அனுமதியில்லாமல் கண்டிப் பகுதிக்குள் திரும்பக் கூடாது. மலபார் என்றால் அவர்கள் பாஷையில் நம்மவர்கள்தான். அந்தப் பத்திரத்தின் அடியில் கண்டிப் பிரதானிகள் சிலர் போட்ட கையெழுத்தில் தமிழ் எழுத்து இருக்கிறது. நாயக்கர் அரண்மனையில் பழகிய கை, வேறு எப்படி எழுதும்? எஹலப்பொலைக்கும் ஒன்றும் வாழவில்லை. அவரை மொரீஷியஸுக்கு அனுப்பினார்கள், அங்கேயே 1829இல் இறந்தார்.

ராஜாவை எங்கே கொண்டுவந்தார்கள் தெரியுமா? என் வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். 1816 ஜனவரியில் கொழும்பில் கப்பலேற்றி, சென்னை வழியாக வேலூர்க் கோட்டை. பதினாறு வருஷம் இங்கே இருந்து 1832 ஜனவரியில் செத்தான். (குண்டன் சொன்னதும் ஏறத்தாழ இதுதான், வருஷம் மட்டும் தப்பு.) பாலாற்றங்கரையில் சமாதி. 1990இல் அரசு அதைச் சுற்றி மண்டபம் கட்டி முத்து மண்டபம் என்று பெயர் வைத்தது. போன வாரம் இந்தக் கடிதத்துக்காகவே போனேன். யாருமில்லை. கல்லின் மேல் ஒரு பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். வேலி ஓரம் நாலு பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பந்து உள்ளே விழுந்ததும் ஒருவன் வந்து எடுத்தான். "இங்கே யார்டா புதைச்சிருக்காங்க?" என்று கேட்டேன். "சிலோன் ராஜா தாத்தா" என்றான் பட்டென்று. 'ராஜா தாத்தா' என்றானா, 'சிலோன் ராஜா' என்று சொல்லிவிட்டு என்னைத் 'தாத்தா' என்றானா என்று இன்னமும் தெரியவில்லை.

வாட்டர்லூவைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முந்தைய ராத்திரி மழை, சேறு, பீரங்கி நகரவில்லை. நெப்போலியன் பகல் பதினொன்றரை வரை காத்திருந்தான். அந்தத் தாமதம் பிரிட்டிஷ் படைக்குத் துணையாகப் பிரஷ்யர்கள் வந்து சேரப் போதுமானதாக இருந்தது. எனக்குப் பிடித்தது சண்டை இல்லை, சேதி கொண்டுபோன மேஜர் ஹென்றி பெர்சிதான். மூன்று நாள் முன்பு பிரஸ்ஸல்ஸில் நடந்த நடன விருந்தில் ஒரு பெண் கொடுத்த ஊதா வெல்வெட் பைக்குள் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் அறிக்கையை வைத்துக்கொண்டு, பிரெஞ்சுப் படையிடம் பறித்த இரண்டு கழுகுச் சின்னங்களோடு கப்பலேறுகிறார். நடுக்கடலில் காற்று செத்துவிட்டது. படகை இறக்கித் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தார்கள். 21ஆம் தேதி ராத்திரி லண்டன். கழுகுகள் குதிரை வண்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ரத்தக்கறை படிந்த அதே உடுப்போடு இளவரசர் இருந்த விருந்துக்குள் நுழைந்தார். அதே சேதி நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் சென்னை வர இன்னும் நாலு மாதம், ஆறு மாதம்.

சரி, அடிக்கோட்டுக்கு வருகிறேன். ஏப்ரல்.

ஜாவா அப்போது பிரிட்டிஷ்காரன் கையில். ராஃபிள்ஸ் அங்கே துணை ஆளுநர். ஏப்ரல் 5 சாயங்காலம் ஜாவா முழுக்கத் தூரத்துப் பீரங்கிச் சத்தம் கேட்டது. யோக்யகர்த்தாவில் பக்கத்துக் காவல்நிலையை யாரோ தாக்குகிறார்கள் என்று படையைக் கிளப்பிவிட்டார்கள். கரையோரத்தில், ஏதோ கப்பல் ஆபத்தில் சிக்கி வேட்டுப் போடுகிறது என்று படகுகளை அனுப்பினார்கள். மறுநாள் லேசாகச் சாம்பல் விழுந்ததும்தான், அட எரிமலையா என்றார்கள். அப்போதும் பக்கத்து மலை எதுவோ என்றுதான் நினைத்தார்கள். சத்தம் போட்டது தம்போரா, சும்பாவா தீவில். பத்தேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்.

ஏப்ரல் 10 சாயங்காலம் ஏழு மணி வாக்கில் அது நிஜமாக வெடித்தது. மூன்று தீத்தூண்கள் தனித்தனியாக எழுந்து மேலே போய் ஒன்றாகச் சேர்ந்ததாகப் பக்கத்துச் சங்கார் ராஜா சொல்லியிருக்கிறார். 4,300 மீட்டர் இருந்த மலை 2,850 மீட்டராகிவிட்டது. மேலே ஆறு கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம். மலையடியில் இருந்த தம்போரா, பெக்கட் என்ற இரண்டு சிற்றரசுகள் ஆளோடு அழிந்தன. வெடிப்பில் செத்தவர்களைவிட அப்புறம் பட்டினியிலும் நோயிலும் செத்தவர்கள்தான் பல மடங்கு. ராஃபிள்ஸ் அரிசியோடு ஓர் அதிகாரியை அனுப்பினார். அவர் போய்ச் சேர்வதற்குள் சங்கார் ராஜாவின் சொந்த மகளே பசியில் செத்திருந்தாள். ராஜா வீட்டிலேயே இந்தக் கதி.

மேலே போன கந்தகப் புகை உலகத்தைச் சுற்றிச் சூரியனை மறைத்தது. மறு வருஷம் அமெரிக்காவின் வடகிழக்கில் ஜூன் மாதம் பனி விழுந்தது. ஐரோப்பாவில் பயிர் அழுகி ரொட்டிக்கு அடிதடி. காரணம் என்னவென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சும்பாவா என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 'அவசரம்' என்று எழுதி அனுப்ப அந்தக் கடிதத்துக்கு ஆளே இல்லை.

இதில் ஒரு விஷயம்தான் ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. தம்போரா ஜனங்களுக்குத் தனி மொழி இருந்தது. சுற்றியிருந்த தீவுகளின் மொழிகளோடு சேராத மொழி. வெடிப்புக்கு முன்னால் யாரோ ஒருவர் கொஞ்சம் சொற்களைக் கேட்டுக் குறித்து வைத்திருந்தார். ராஃபிள்ஸ் ஜாவாவைப் பற்றி 1817இல் வெளியிட்ட புத்தகத்தின் பின்னிணைப்பில் அந்தப் பட்டியல் இருக்கிறது. மொத்தம் 48 சொற்கள். ஒன்று என்பதற்கு 'சீனா'. தாலாட்டு இல்லை, வசவு இல்லை, பழமொழி இல்லை, 48 சொல். 2004இல் அங்கே தோண்டியபோது சாம்பலுக்கடியில் ஒரு வீடு கிடைத்தது, உள்ளே இரண்டு பேரின் கரிந்த எலும்பு. அதில் ஒன்று அடுக்களைப் பக்கம். அடுப்பில் என்ன வைத்திருந்தாளோ, அதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாளோ!

நானும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தமிழில் 48 சொல் மட்டும் மிஞ்சும் என்றால் எதை விடுவது, எதை வைப்பது என்று. அம்மா, சோறு, தண்ணி என்று தொடங்கி இருபதைத் தாண்டவில்லை, சண்டை வந்துவிட்டது, எனக்கும் எனக்குமே. நீயும் எழுதிப் பார். 'தந்தி' என்று போட்டால் அடிப்பேன்.

குண்டன் விஷயம் எழுதாமல் முடிக்க முடியவில்லை. அவன் போனது மாசி மூன்றாம் தேதி. உன் போன் ரிப்பேர், என் போனில் பழைய நம்பர், அவன் மருமகள் யாரையோ பிடித்து எனக்குச் சொல்லும்போது பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள் நான் அவனுக்கு மூன்று மெசேஜ் அனுப்பியிருந்தேன். மூன்றாவதில் "பதில் போடக்கூட வலிக்குதாடா, நீயெல்லாம் ஒரு சிநேகிதனா" என்று திட்டியிருந்தேன். அந்த மெசேஜ் இன்னும் போனில் அப்படியே இருக்கிறது. அழிக்கலாமா வேண்டாமா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். போய்ச் சேராத தந்திகளை உங்கள் ஆபீஸில் என்ன செய்வீர்கள்?

பங்குனி உத்திரம் முடிந்ததும் இங்கே வந்து நாலு நாள் இரு. கீழ் அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன், படி ஏற வேண்டாம். மண்டபத்துக்கு ஆட்டோவில் போய்விட்டு வரலாம்.

எதிர்வீட்டில் புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள். நம்பர் 1844. உன் சம்பளத்துக்கே ஆதியான வருஷம், சுலபமாகத்தான் கொடுத்திருக்கிறேன். தெரியவில்லை என்றால் டீ உன் கணக்கு.

உன்,
வாத்தி