நம்ம திடலுக்காக நின்ன எல்லாருக்கும்

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆர்டர் காப்பி கைக்கு வந்துச்சு. நாலு பக்கம், மூணு தடவ படிச்சேன். திடல்ல வீடு கட்டக் கேட்டிருந்த அனுமதிய நிராகரிச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நிறைய பேர் போன் பண்ணி உண்மையான்னு கேட்டீங்க, எனக்குத் தொண்டை அடைச்சுக்கிட்டு பதிலே ஒழுங்கா வரல, அதான் இப்ப உக்காந்து எழுதுறேன். யார் என்ன செஞ்சாங்கன்னு பாதி பேருக்குத் தெரியாது, ஆளாளுக்கு ஒரு மூலைல நின்னு வேலை பாத்திருக்கோம். பேர் போட வேணாம்னு சில பேர் கேட்டுக்கிட்டாங்க, அதனால யார் பேரும் போடல. படிச்சா அவங்கவங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி அந்த நோட்டீச பாத்த அக்காவுக்கு. திடல் முனைல லைட் கம்பத்துல ஒட்டியிருந்தாங்க, மழைல பாதி கிழிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு, நான் தினம் அந்த வழியாதான் போறேன், ஒரு நாள் கூட நின்னு படிச்சதில்ல. அவங்க நின்னு படிச்சாங்க. ஆட்சேபனை குடுக்கக் கடைசி தேதிக்கு ஒன்பது நாள்தான் பாக்கின்னு அவங்க போட்டோ எடுத்து ஒவ்வொரு வீட்டுக் கதவா தட்டிச் சொல்லலைன்னா, நமக்கு விஷயமே வேலி போட்டப்புறம்தான் தெரிஞ்சிருக்கும். அந்த ஒன்பது நாள்லதான் எல்லாமே நடந்துச்சு.

அடுத்து ரிட்டயர்டு டீச்சரம்மா. முதல் கூட்டத்துல எல்லாருக்கும் கோவம், ரோட்ல உக்காரலாம், கோஷம் போடலாம்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டிருந்தோம், அவங்க கடைசி வரைக்கும் கேட்டுட்டு "முதல்ல அங்க என்ன இருக்குன்னு எண்ணுவோம்ப்பா, எண்ணாம எதக் காப்பாத்துறது"ன்னாங்க. நாம ஜெயிச்சதுக்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்னு நான் முழுசா நம்புறேன். மறுநாளே டேப்பு, சாக்பீஸ், நோட்டுன்னு கிளம்பிட்டாங்க. மரத்த எங்க வேணா அளக்கக் கூடாதாம், தரைல இருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்துல, அதாவது நெஞ்சு உயரத்துல டேப்ப சுத்தி அளக்கணும், அப்பதான் கணக்கு செல்லும்னு அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளைங்க நெஞ்சு உயரம் வேற ஆச்சே, அதனால ஒரு குச்சில அந்த உயரத்துக்குக் கோடு போட்டு ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. ஒரு பிள்ளை குச்சி பிடிக்க, ஒண்ணு டேப்பு சுத்த, ஒண்ணு எழுத. குட்டை ஓரத்துல இருக்கிற பெரிய மரத்த ரெண்டு பேர் சேர்ந்து கட்டிப் பிடிச்சும் கை எட்டல, மூணாவது ஆள் வேண்டியிருந்துச்சு. ரெண்டு நாள் முடியுறப்ப சாக்பீஸ் நம்பர் 214ல வந்து நின்னுச்சு. வீடு கட்டக் கேட்டவங்க குடுத்த பேப்பர்ல "சில மரங்களும் புதர்களும்"னு மட்டும் எழுதியிருந்துச்சு!

அந்தப் பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு நன்றி சொல்லணும். ஏழாவது படிக்கிற பையன் ஒருத்தன் மரத்தடில சாம்பல் கலர்ல கட்டை விரல் அளவுக்கு ஒரு உருண்டை பாத்து எடுத்துட்டு வந்தான். பாக்க எச்சம் மாதிரி இருந்துச்சு, தூக்கிப் போடுறான்னு நானே சொன்னேன். டீச்சரம்மா அத ஒரு வெள்ளைத் தாள்ல வெச்சு, ட்வீசரால மெல்லப் பிரிச்சாங்க. உள்ள முடி, முடிக்குள்ள அரிசி மாதிரி சின்னச் சின்ன எலும்பு, ஒரு எலியோட தாடை, பல்லோட அப்படியே இருந்துச்சு. ஆந்தை எலிய முழுங்கிட்டு செரிக்காதத இப்படி உருட்டிக் கக்கிடுமாம். அப்புறம் அந்த மரத்துக்குக் கீழயே தேடினா இன்னும் ஒன்பது கிடைச்சுது. ஆந்தை எப்பவோ வந்துட்டுப் போகல, அங்கயே குடியிருக்குன்னு அதவிட நல்ல சாட்சி எது? அந்தப் பையனோட நோட்டுல தேதி, நேரம், மர நம்பர் எல்லாம் இருந்துச்சு, விசாரணைல அந்த நோட்டத்தான் அதிகாரி ரொம்ப நேரம் புரட்டிப் பாத்தாரு.

பிளான் படிச்ச தம்பிக்கு நன்றி. நமக்கு அந்த வரைபடம் வெறும் கோடுதான், அவன் ராத்திரி முழிச்சு ஒவ்வொரு ஷீட்டா பாத்தான். பெரிய மரங்கள வெட்ட மாட்டோம்னு முதல் ஷீட்ல பச்சை வட்டம் போட்டுக் காட்டியிருந்தாங்க, பாத்தவுடனே நம்மள்ல பல பேரு பரவால்லையேன்னு சமாதானம் ஆயிட்டோம். அவன்தான் ஏழாவது ஷீட்ட எடுத்து அதுமேல வெச்சுக் காட்டினான், சாக்கடை பைப்புக்குத் தோண்டுற பள்ளம் சரியா அந்தப் பச்சை வட்டங்களுக்கு நடுவுல போகுது. மரத்தோட வேர் கிணறு மாதிரி நேரா கீழ போகுதுன்னு நாம நினைக்கிறோம், ஆனா முக்கால்வாசி வேர் மேல் மண்ணுலதான் ரெண்டு மூணு அடி ஆழத்துக்குள்ளயே இருக்கும், அதுவும் கிளை விரிஞ்ச அளவையும் தாண்டி வெளிய ஓடியிருக்கும். அத வெட்டி, லாரி ஓட்டி மண்ண இறுக்கிட்டா மரம் உடனே சாகாது, ரெண்டு வருஷம் மூணு வருஷம் கழிச்சுக் காயும், அப்ப யாரக் கேக்குறது? இத அவன் விசாரணைல நடுங்குற குரல்ல சொன்னான், கை கூட நடுங்குச்சு, ஆனா ஒரு இடத்துல கூட தப்பு இல்ல. ஆர்டர்ல இந்த விஷயத்துக்கு முழுசா ஒரு பத்தி இருக்கு தம்பி, நீ வந்து படிச்சுப் பாரு.

நர்ஸா வேலை பாக்குற அக்கா நைட் டூட்டி முடிச்சு நேரா விசாரணைக்கு வந்தாங்க, யூனிஃபார்ம் கூட மாத்தல. 1984ல ரோஜர் உல்ரிச்னு ஒருத்தர் 'சயின்ஸ்' பத்திரிகைல எழுதின ஆய்வப் பத்திப் பேசினாங்க. பித்தப்பை ஆபரேஷன் பண்ணவங்கள்ல ஜன்னல் வழியா மரம் தெரிஞ்ச ரூம்ல படுத்திருந்தவங்க, செங்கல் சுவர் தெரிஞ்ச ரூம்ல இருந்தவங்களவிட சீக்கிரம் வீட்டுக்குப் போனாங்க, வலி மருந்தும் அவங்களுக்கு கம்மியாத்தான் தேவைப்பட்டுச்சு. அதச் சொல்லிட்டு, திடலப் பாத்த மாதிரி ஜன்னல் ஓரத்துல கட்டில போட்டுப் படுத்திருக்கிற அவங்க அம்மாவப் பத்தி ரெண்டே வரி சொன்னாங்க. ஹால்ல அப்ப சத்தமே இல்ல.

காசு வாங்காம வந்த வக்கீல் சாருக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. நாம பயந்தப்பல்லாம் அவர் ஒரு பழைய கேச எடுத்துச் சொல்லுவாரு. பெங்களூர்ல ஒரு லேஅவுட்ல பார்க்குக்குன்னு விட்ட இடத்த தனியார் நர்சிங் ஹோமுக்குக் குடுத்தாங்க, அங்க குடியிருந்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 1991ல உச்ச நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. "அவங்களும் உங்கள மாதிரி சாதாரண குடித்தனக்காரங்கதான்"னு அவர் சொன்ன தொனி இன்னும் காதுலயே இருக்கு.

இப்ப நான் சொல்லப் போற நன்றி சில பேருக்கு ஆச்சரியமா இருக்கலாம். ரெண்டாவது கூட்டத்துல எழுந்திருச்சு "நீங்கல்லாம் சொந்த வீட்ல இருந்துக்கிட்டு திடல் வேணும்ங்கறீங்க, எங்களுக்கு வாடகை குடுத்தே முதுகு ஒடியுது, வீடு வந்தா நல்லதுதானே"ன்னு கேட்ட அண்ணனுக்கு. அன்னைக்கு அவர சில பேர் பேசவிடாம கத்தினீங்க, அது தப்பு, நானும் அவங்கள தடுக்கல, அதுவும் தப்பு, மன்னிச்சுக்கங்க அண்ணே. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கப்புறம்தான் நம்ம மனுவே மாறுச்சு. வீடே வேணாம்னு எழுதினத அடிச்சுட்டு, வீடு வேணும், ஆனா இங்க இல்லன்னு எழுதினோம். அந்த அண்ணனே நம்மகூட நடந்து வந்து ஏரியாவுல பூட்டிக் கிடக்கிற குடோன், பாதில நின்ன கட்டிடம், சும்மா கிடக்கிற தார் போட்ட மைதானம் எல்லாத்தையும் குறிச்சுக் குடுத்தாரு. பெர்லின்ல மூடின டெம்பல்ஹோஃப் விமான நிலையத்து மைதானத்துல, ஓரமா வீடு கட்டலாமா வேணாமான்னு 2014ல மக்கள்கிட்டயே ஓட்டு வெச்சாங்க, மைதானம் அப்படியே இருக்கட்டும்னுதான் பெரும்பான்மையா போட்டாங்க, ஆனா அங்கயும் வீட்டுப் பிரச்சனை பெரிய பிரச்சனைதான், அந்தப் பேச்சு இன்னும் ஓயல. நாமளும் அந்தக் கேள்விய விட்டுடக் கூடாது.

அடுத்தது அந்த பொக்லைன் டிரைவர். அனுமதி வர்றதுக்கு முன்னாடியே ஒரு நாள் விடியக்காலைல "சும்மா க்ளீனிங்"னு வண்டிய இறக்கிட்டாங்க. மூலை வீட்டுப் பாட்டி ஒரு பிளாஸ்டிக் சேரத் தூக்கிட்டுப் போய் திடல் வாசல்ல போட்டு உக்காந்துட்டாங்க, நாங்க ஓடிப் போறதுக்குள்ள அங்க அவங்களும் அந்த வண்டியும் மட்டும்தான். டிரைவர் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு கீழ இறங்கி வந்து "பேப்பர் இருக்கா பாட்டிம்மா"ன்னு கேட்டாராம். பாட்டி இல்லன்னாங்க. உடனே அவரு போன எடுத்து யாருக்கோ பேசி, பேப்பர் இல்லாம மண்ணுல பக்கெட் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு, வண்டிலயே உக்காந்திருந்தாரு. அன்னைக்கு அவரு கூலி போயிருக்கும். அவரு பேரு கூட நமக்குத் தெரியாது, யாருக்காவது தெரிஞ்சா இத அவருக்குப் படிச்சுக் காட்டுங்க.

இத வக்கீல் சார்கிட்ட சொன்னப்ப அவரு சிட்னில நடந்த ஒண்ணச் சொன்னாரு. ஹண்டர்ஸ் ஹில்ல கெல்லிஸ் புஷ்னு ஒரு சின்னக் காடு, அங்க வீடு கட்ட வந்தாங்க. 13 பெண்கள் சேர்ந்து எதிர்த்தாங்க, மனு போட்டு ஒண்ணும் நடக்கல, கடைசில கட்டிடத் தொழிலாளர் சங்கத்துகிட்ட போனாங்க. 1971ல சங்கம் அங்க வேலை செய்ய மாட்டோம்னு சொல்லிடுச்சு. மீறி அங்க கை வெச்சா, அதே கம்பெனி வேற இடத்துல பாதி கட்டியிருக்கிற ஆபீஸ் கட்டிடம் அப்படியே பாதிலயே நிக்கும்னும் சொன்னாங்க. உலகத்துல முதல் 'கிரீன் பேன்'னு, அதாவது பசுமையான இடத்தக் காப்பாத்த தொழிலாளர் சங்கம் போட்ட முதல் வேலைத் தடைன்னு, அதத்தான் சொல்றாங்க. நம்ம டிரைவருக்குப் பின்னாடி அன்னைக்கு சங்கம் எதுவும் இல்ல, அவரு ஒத்த ஆளு.

இன்னும் எத்தனையோ பேர். கூட்டத்துக்கு வந்தவங்க பிள்ளைங்கள வீட்ல வெச்சுப் பாத்துக்கிட்டவங்க, ஆட்சேபனை மனு எழுதத் தெரியாதவங்களுக்கு அவங்க சொல்லச் சொல்ல அவங்க வார்த்தைலயே எழுதிக் குடுத்த காலேஜ் பொண்ணுங்க, ஜெராக்ஸ் எடுக்க ராத்திரி பத்து மணிக்கு கடையத் திறந்தவரு, விசாரணை அன்னைக்கு லீவு போட்டு வந்து ஒரு வார்த்தை பேசாம பின் வரிசைல நின்னவங்க. பேசாம நின்னவங்களுக்கு ரொம்ப நன்றி, திரும்பிப் பாத்தா சுவர் முழுக்க நீங்கதான் தெரிஞ்சீங்க, அதப் பாத்துத்தான் எங்களுக்குப் பேச வாய் வந்துச்சு.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுறேன். அவங்க மேல்முறையீடு போகலாம். இந்த அனுமதி இல்லன்னுதான் ஆர்டர் சொல்லுது, திடல் எப்பவும் திடலாவே இருக்கும்னு எந்தப் பேப்பரும் இன்னும் சொல்லல. கெல்லிஸ் புஷ்ஷ அரசாங்கம் வாங்கி பொது இடமா வெச்சுக்கிறோம்னு சொன்னது 1983ல, பன்னெண்டு வருஷம் கழிச்சு. அதனால பொதுத் திறந்தவெளியா பதிவு பண்ணச் சொல்லி தனி மனு ரெடி ஆகுது, கையெழுத்து வேணும், டீச்சரம்மா வீட்ல ரெண்டு அட்டைப் பெட்டில எல்லா பேப்பரும் இருக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எப்ப வேணா போய் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடலாம். மரங்கள்ல சாக்பீஸ் நம்பர் மழைல அழிஞ்சிடுச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு திரும்ப எண்ணப் போறோம், இந்தத் தடவ கன்றுகளையும் சேத்து.

அப்புறம், மரம் அளந்த மஞ்சள் டேப்பு ஒண்ணு எங்க வீட்லயே தங்கிடுச்சு, ஓரத்துல சிவப்பு நூல் கட்டியிருக்கு. யாரோடதுன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றேன்.