வடக்கு உள்வாயை மண்ணாகவே விட்டுவிடுங்கள்

பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கண்மாய் அழகுபடுத்தும் பணியின் இரண்டாம் கட்டத்துக்கு டெண்டர் விடப்போவதாக அலுவலகப் பலகையில் பார்த்தேன். முதல் கட்டத்தில் சுவரும் நடைபாதையும் வாசலில் ஒரு சிமென்ட் நாரையும் வந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறப்பு விழாவில் நானும் வரிசையில் நின்று கேசரி வாங்கிச் சாப்பிட்டவன்தான். நேராக விஷயத்துக்கு வருகிறேன். வடக்கு உள்வாயில், அதாவது கண்மாய்க்குள் மெல்லச் சரிகிற அந்த ஆழமில்லாத நிலத்தில், சுவர் எழுப்ப வேண்டாம். அந்த ஒரு பக்கமாவது மண் சரிவாகவே இருக்கட்டும்.

இந்த ஊரில் 31 வருடம் உயிரியல் பாடம் எடுத்தவன் நான். உங்களில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். 'குளச் சூழல் மண்டலத்தைப் படத்துடன் விவரி' என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. இரண்டு பேருமே நன்றாகத்தான் எழுதினார்கள். படத்தில் கரையோரம் கோரையும் சம்பையும் வரைந்து பாகமும் குறித்தார்கள். போன வருடம் தெற்கிலும் மேற்கிலும் பொக்லைன் வழித்தெடுத்தது அந்தக் கோரையைத்தான்.

மார்கழியில் மீன் செத்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் வெயிலே இல்லாமல் மூடாக்காக இருந்தது. நான்காம் நாள் விடியற்காலையில் நடைப்பயிற்சிக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தார்கள். கட்லா, ரோகு, கெண்டை என்று கண்மாய் முழுக்க வெள்ளை வயிறாக மிதந்தது. மீன் குத்தகைக்காரர் கரையில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் நகையை அடகு வைத்துக் குஞ்சு விட்டவர். யாரோ விஷம் கலந்துவிட்டதாகப் பேரூராட்சி சார்பில் போலீஸில் புகார் கொடுத்தீர்கள். காவல் நிலையத்தில் அவரையே கூப்பிட்டு, "உனக்கு யாரோடு பகை?" என்று கேட்டார்கள். மீனும் போய், இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலிலும் நின்றார் மனிதர்.

அன்றைக்கு நான் கவனித்தது ஒன்று உண்டு. செத்ததில் ஒரு விரால்கூட இல்லை. விஷம் என்றால் விராலை மட்டும் விட்டுவைக்குமா? விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன். கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அந்த வசதி இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நம்பித்தான் அவற்றின் உயிர். அந்த ஆக்சிஜன்தான் தீர்ந்துபோயிருந்தது.

ஏன் தீர்ந்தது? ஆறு தெருச் சாக்கடை கண்மாயில்தான் விழுகிறது. முன்பும் விழுந்தது. ஆனால் முன்பு அது கோரைக்கும் சம்பைக்கும் நடுவே மெதுவாக ஊர்ந்து வரும். கசடு அங்கேயே படியும். சோப்புத் தண்ணீரிலும் மலக்கழிவிலும் உள்ள பாஸ்பரஸையும் நைட்ரஜனையும் அந்தச் செடிகள் உறிஞ்சும். வேரடிச் சேற்றில் இருக்கும் பாக்டீரியாக்கள் நைட்ரஜனில் ஒரு பங்கைக் காற்றாகவே மாற்றி வெளியே அனுப்பிவிடும். சம்பளம் கேட்காத துப்புரவுப் பணியாளர்கள்! இப்போது சாக்கடை குழாய் வழியாக நேரே நடுத்தண்ணீரில் கொட்டுகிறது. அந்த உரத்தைத் தின்று பாசி பச்சைப் பெயின்ட் மாதிரி படர்ந்தது. பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், சரி. இரவில் அதுவும் சுவாசிக்க வேண்டும், மீனும் சுவாசிக்க வேண்டும், செத்த பாசியை மட்கச் செய்யும் பாக்டீரியாவும் சுவாசிக்க வேண்டும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மூன்று நாள் வெயிலும் இல்லை என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது. இதற்கு விஷம் எதற்கு?

கண்மாய் என்பது கரையும் உள்வாயும் சேர்ந்தது. கரை உயரம், உள்வாய் மெல்லச் சரிகிற ஆழமில்லாத நிலம். தவளை முட்டையிடுவதும் மீன் குஞ்சு ஒளிவதும் தட்டான் தண்ணீருக்குள் புழுவாக வளர்ந்து கொசுப்புழுவைத் தின்பதும் அங்கேதான். முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை தன் மிதக்கும் கூட்டை இழுத்துக் கட்டுவதும் அங்கே நிற்கும் செடிகளில்தான். நான்கு பக்கமும் செங்குத்தாகச் சுவர் வைத்தால் அது கண்மாய் இல்லை, தொட்டி. கொசு மருந்து அடிக்கிற வண்டி இந்த வருடம் ஏன் வாரம் இரண்டு முறை வருகிறது என்று நகர்மன்றத்தில்... மன்னிக்கவும், நம்முடையது இன்னும் பேரூராட்சிதான். உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா?

வாசலில் நிற்கும் சிமென்ட் நாரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ரேமண்ட் லிண்டெமன் என்று ஓர் இளைஞர். மின்னசோட்டாவில் ஒரு சின்னச் சதுப்பு ஏரியில் ஐந்து வருடம் கிடந்து, யார் யாரைத் தின்கிறார்கள், சூரிய ஒளியில் எவ்வளவு யாருக்குப் போய்ச் சேருகிறது என்று கணக்குப் போட்டார். அந்தக் கட்டுரை 1942இல் அச்சாகும் முன்பே, 26 வயதில், இறந்துபோனார். உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் போகும் என்று நாம் இன்று பாடம் நடத்துவது அந்த வழியில் வந்ததுதான். ஒரு கிலோ மீன் வேண்டுமென்றால் பத்துக் கிலோ பூச்சியும் புழுவும், அதற்கு நூறு கிலோ பாசியும் செடியும் அடியில் இருக்க வேண்டும். நாரை அந்த மீனுக்கும் மேல் படி. அடிப்படியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, உச்சியில் நிற்க வேண்டியதைச் சிமென்டில் செய்து பெயின்டும் அடித்துவிட்டீர்கள். அதற்கு மீன் தேவையில்லை என்பது உண்மைதான்.

கோரைக்குள் பாம்பு இருக்கிறது என்று வடக்குத் தெருவினர் மனு கொடுத்ததும் தெரியும். அங்கே அதிகம் தென்படுவது தண்ணீர்ப்பாம்பு. அதற்கு விஷம் கிடையாது. நடைபாதையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள், அது நல்ல காரியம். வடக்கிலும் பாதை போடுங்கள், தண்ணீரை விட்டுத் தள்ளி, மேட்டில் போடுங்கள். சுவர் மட்டும் வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலையை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பாசனத்துக்கு வெட்டியவைதான். நாரைக்கு அந்த விதியைப் படிக்கத் தெரியவில்லை, அதனால் வந்துகொண்டிருந்தது. வேடந்தாங்கலும் ஊர்க்காரர்கள் பாசனத்துக்கு வைத்திருந்த ஏரிதானே? பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, சுட வந்தவர்களைத் தடுக்கச் சொல்லி வெள்ளைக்காரக் கலெக்டரிடமே போய் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு யாரும் ஐந்து மதிப்பெண் கேள்வி கொடுக்கவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். டெண்டரில் வடக்குப் பக்கச் சுவர் என்ற ஒரு வரியை எடுத்துவிடுங்கள். சாக்கடைக் குழாயை வடக்கே திருப்பி, மிச்சமிருக்கும் கோரை வழியாக விடுங்கள். போலீஸ் புகாரைத் திரும்பப் பெற்று, குத்தகைக்காரருக்கு இந்த வருடக் குத்தகையைத் தள்ளுபடி செய்யுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நான் வடக்கு உள்வாயில் இருப்பேன். என்னிடம் படித்த இருவராவது வந்து பார்த்தால் சந்தோஷம். செருப்பு சேறாகும், பழையதைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
வடக்குத் தெரு