உடைத்துப் புதைக்கப்படும் போத்தல்கள்: வன்னிப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கரைச்சி, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைத்துறைப்பற்று, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு உள்ளிட்ட வன்னிப் பிரதேச சபைகளின் மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கடந்த ஆவணி மாதத்தில் ஒரு நாள், வேறோர் அலுவலாகச் சென்ற இடத்தில், வீட்டுக் குப்பை ஏற்றிவந்த உழவு இயந்திரப் பெட்டி கொட்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொட்டப்பட்டவற்றுள் கீறல்கூட விழாத கண்ணாடிச் சோடாப் போத்தல்களும் சாராயப் போத்தல்களும் நாற்பது ஐம்பதாவது இருந்திருக்கும். கையுறை இல்லாத தொழிலாளி ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, இரும்புக் கம்பியால் தட்டி உடைத்துக் குப்பை புதைக்கும் கிடங்கினுள் தள்ளிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "முழுசாப் போட்டா கிடங்கு கெதியா நிரம்பீடும் ரீச்சர்" என்றார். அவருக்குச் சொல்லப்பட்ட வேலையை அவர் செய்தார். அவர்மீது குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எந்தச் சபையின் கிடங்கு என்பதையும் இங்கு எழுதப் போவதில்லை. உடையாத பானப் போத்தல்களைக் கிடங்குக்குப் போகுமுன் பிரித்தெடுத்து, கழுவி, குடிதண்ணீர் வைப்பதற்காக வீடுகளுக்குத் திரும்பக் கொடுங்கள் என்று உங்கள் எல்லோரிடமும் கேட்பதே இம்மடலின் நோக்கம்.

எங்கள் ஊர்களில் போத்தல் என்பது ஒரு பாத்திரம் மட்டுமன்று, ஓர் அளவும் ஆகும். தேன் ஒரு போத்தல், நல்லெண்ணெய் அரைப் போத்தல், பால் ஒரு போத்தல் என்று சொன்னால் எவ்வளவு என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தலே அந்த அளவு. சங்கக்கடைக்குத் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் வாங்கப் போனவர்கள் வெறும் போத்தலைக் கையில் கொண்டுதான் போனார்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய் தங்கமாக இருந்தபோது, ஜாம் போத்தலுக்குள் சில துளி எண்ணெயும் ஒரு நூல் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இன்று உங்கள் சபைகளிலும் உறுப்பினர்களாக இருக்கக்கூடும். அவ்வளவு பயன்பட்ட கண்ணாடியை இப்போது நாமே கம்பியால் அடித்து உடைக்கிறோம்.

தண்ணீருக்கு வருகிறேன். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் இன்னும் முழுதாக அறியப்படாத சிறுநீரக நோய் பரவிய பின்னர், சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து கான்களில் தண்ணீர் எடுத்துவருவது பல குடும்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பணமும் நேரமும் கொடுத்துக் கொண்டுவரும் அந்தத் தண்ணீரை வீட்டில் எதில் ஊற்றி வைக்கிறோம்? எப்போதோ வாங்கிய சோடாவின் பிளாஸ்டிக் போத்தலில். அதுவும் நசுங்கி, உட்புறம் கீறல் விழுந்து, மூடியின் புரிகளில் அழுக்கு ஏறிய போத்தலில். அந்தக் கீறல்களில் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொள்ளும். மென்மையான பிளாஸ்டிக்கைக் கொதிநீரில் போட்டுக் கழுவவும் முடியாது, அது சுருண்டுவிடும். இவ்வகைப் பிளாஸ்டிக்கைச் செய்யும்போது சேர்க்கப்படும் அந்திமனி என்ற உலோகம் மிகச் சிறிய அளவில் தண்ணீரில் கலப்பதுண்டு. சாதாரண வெப்பநிலையில் அது பொருட்படுத்தத்தக்க அளவன்று; ஆனால் போத்தல் சூடாகச் சூடாக அளவு கூடும். வரம்பிலும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் பகல் முழுவதும் வெயிலில் கிடக்கும் போத்தலை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி தண்ணீருக்கு எதையும் கொடுப்பதுமில்லை, முன்பு இருந்த பானத்தின் மணத்தைப் பிடித்து வைப்பதுமில்லை.

அதேவேளை, கண்ணாடிப் போத்தல் தண்ணீரைச் சுத்தமாக்காது என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். கிணற்றுநீரின் கிருமிகளைக் கொல்லக் கொதிக்க வைக்கவேண்டும். நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சில கிணறுகளின் நீரில் கரைந்திருக்கும் புளோரைட்டு என்ற உப்பு கொதிக்க வைப்பதாலும் போகாது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படை நீரின் கடினத்தன்மையில் ஒரு பங்கு மட்டுமே. அந்த வெள்ளைப் படை போத்தலின் உட்புறத்திலும் நாளடைவில் தெரியும்; தேசிக்காய்ச் சாறோ பழப்புளிக் கரைசலோ ஊற்றி ஓர் இரவு வைத்துக் குலுக்கினால் கழன்றுவிடும். பிளாஸ்டிக்கிலும் அது படிகிறதுதான். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரிவதால் கழுவத் தோன்றுகிறது.

கழுவும் முறையைச் சற்று விரித்து எழுதுகிறேன், ஏனெனில் நானே அதில் ஒருமுறை அவதிப்பட்டேன். புதிதாகக் கழுவிய போத்தலைச் சீமெந்துப் படியில் வைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீரை அப்படியே ஊற்றினேன். "டிக்" என்று ஒரு சத்தம்தான். அடிப்பாகம் வட்டமாகக் கழன்று படியிலேயே இருக்க, மேற்பாகம் மட்டும் என் கையோடு வந்தது. கொதிநீர் காலில் வழிந்தது. பானப் போத்தல் கண்ணாடி திடீர்ச் சூட்டைத் தாங்காது. ஆகவே கொதித்தாறிய நீரையே ஊற்றவேண்டும். போத்தலைக் கிருமிநீக்குவதானால், பானையின் அடியில் ஒரு துணியை விரித்து, போத்தல்களைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி, மெல்ல மெல்லச் சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரிலேயே ஆறவிடவேண்டும். ஒடுங்கிய கழுத்துக்குள் தூரிகை போகாவிட்டால் ஒரு பிடி அரிசியும் சிறிது தண்ணீரும் போட்டுக் குலுக்குவது எங்கள் அம்மம்மாமாரின் முறை. அதைவிட நல்லதை நான் இன்னும் காணவில்லை. லேபலை ஊறவைத்து உரித்தபின் எஞ்சும் பசைக்குத் தேங்காயெண்ணெயும் சாம்பலும் போதும். விளிம்பு சற்றேனும் சிதைந்த போத்தலை வாய்வைத்துக் குடிக்க எடுக்கக்கூடாது. நிரப்பிய போத்தலை வெளிச்சத்தில் வைத்தால் சில நாட்களில் பாசி பிடிக்கும். குசினியின் இருட்டு மூலையே அதற்குரிய இடம்.

என் தகப்பனார் வயலுக்குப் போகும்போது இரண்டு போத்தல்களை நனைத்த சாக்குத் துண்டில் சுற்றி, மருத நிழலில் கட்டித் தொங்கவிடுவார். சாக்கின் ஈரம் காற்றில் உலர உலர உள்ளே தண்ணீர் குளிர்ந்துவிடும். வீட்டில் மண்கூசா செய்த வேலையை வயலில் அந்தச் சாக்கு செய்தது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் இரண்டு காரணங்களை நான் மதிக்கிறேன். முதலாவது மானம். எங்கள் மாதர் சங்கத்தில் இதைப் பேசியபோது ஓர் அக்கா, "வீட்டுக்காரர் குடிச்சுத் துலைச்ச போத்தலிலை என்ரை பிள்ளை தண்ணி குடிக்கிறதோ?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வேதனையை லேபலை உரித்துப் போக்கிவிட முடியாது. பள்ளிக்குக் கொண்டுபோகும் பிள்ளையையும் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். அத்தகைய வீடுகளுக்குச் சோடா, பழரசப் போத்தல்களைக் கொடுக்கலாம். யாரையும் வற்புறுத்தத் தேவையில்லை.

இரண்டாவது காரணம் உயிர் சம்பந்தப்பட்டது. வயலுக்கு அடிக்கும் மருந்தையும் மண்ணெண்ணெயையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. எங்கள் அயலில் நான்கு வயதுப் பிள்ளையொன்று அப்படி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டது. வாந்தியெடுக்க வைக்கலாம் என்று பதறிய தாயை ஒரு மருத்துவமாது தடுத்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்றதால் பிள்ளை பிழைத்தது. வாந்தியெடுத்தால் எண்ணெய் சுவாசப்பைக்குள் போய்விடும். எனவே மருந்தோ மண்ணெண்ணெயோ ஒருமுறை ஊற்றிய போத்தல், எத்தனை முறை கழுவினாலும், குடிதண்ணீர்ப் போத்தலாகாது. எதை ஊற்றினார்கள் என்று தெரியாத போத்தலும் அவ்வாறே. இதனால்தான் இவ்வேலையைத் தனித்தனி வீடுகளின் தலையில் விடாமல் சபைகளிடம் கேட்கிறேன்.

சபையால் ஆகக்கூடியது பெரிய செலவன்று. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்கீழ் கழிவகற்றல் ஏற்கெனவே உங்கள் கடமை. மாதத்தில் ஒரு நாளைக் கண்ணாடிக்கென ஒதுக்கி, உணவு, பானப் போத்தல்களை மட்டும் தனியே ஏற்றுங்கள். சாப்பாட்டுக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒரே வகைப் போத்தல்கள் மூடியோடு சேரும் என்பதால் அங்கிருந்து தொடங்குவது இலகு. மணந்து பார்த்துப் பிரிக்கவும் கழுவவும் ஒரு கொட்டிலும், தண்ணீரும், தொழிலாளருக்குத் தடித்த கையுறையும் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் முதல் சில தடவைகள் நின்று காட்டிக்கொடுத்தால், கழுவும் வேலையை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் கூலிக்கு ஏற்றுக்கொள்ளும். எங்கள் சங்கம் ஆயத்தமாக இருக்கிறது. உடைந்தவற்றை உருக்கக் கொடுக்கலாமே என்பீர்கள். கண்ணாடித் தொழிற்சாலை ஹொரணையில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அங்கே அதை 1500 பாகை செல்சியஸ் அளவில் உருக்கித் திரும்பப் போத்தலாக்குவார்கள். முழுப் போத்தலுக்கு அந்தப் பயணம் எதற்கு?

மாரி தொடங்குமுன் இதைச் செய்வது நல்லது. வளவுகளில் வாய் திறந்து கிடக்கும் போத்தல்களில் மழைநீர் தேங்கினால் நுளம்பு பெருகும். 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளானதாகப் பதிவான ஆண்டை நாங்கள் மறக்கவில்லை. சேகரித்தவற்றைக் கூரையின்கீழ், கவிழ்த்து அடுக்கி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அண்மையில் பொதுமக்களை அழைத்திருந்த ஒரு சபைக் கூட்டத்தில் ஒவ்வொரு கதிரைக்கு முன்னாலும் அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தல் வைக்கப்பட்டிருந்தது. கூட்டம் முடிந்தபோது பெரும்பாலானவை பாதி குடித்தபடியே மேசையில் நின்றன. அடுத்த அமர்வுக்கு வேண்டிய கண்ணாடிப் போத்தல்களைக் கழுவி, கொதித்தாறிய நீர் நிரப்பி, தக்கையோடு எங்கள் சங்கம் கொண்டுவந்து தரும். திகதியை அறிவித்தால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்