இரவிலும் சி.டி. ஸ்கேன் கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்: இணை இயக்குநர் அவர்கள், மருத்துவ நலப்பணிகள்.

பொருள்: மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் இரவு நேரத்திலும் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாய் படத்தில் தெரிய மருந்து ஏற்றி எடுக்கும்) சி.டி. ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லாததால் மறுபடியும் எழுதுகிறேன்.

1. என் அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இருக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு இதயத்தில் உறையும் ரத்தக்கட்டி குடலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம்.

2. ராத்திரி திடீரென்று வயிற்றுவலி. ஆள் துடிக்கிறார், வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, கேஸ் என்று ஊசி போட்டார்கள். இந்த அடைப்பின் அடையாளமே அதுதானாம்: வலி அவ்வளவு, வயிற்றில் ஒன்றும் தெரியாது. கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சி.டி. எடுத்தால்தான் பிடிபடும். ஸ்கேன் அறையோ பூட்டிக் கிடந்தது, ஆள் காலையில்தான் வருவாராம்.

3. ரத்தம் போகாவிட்டால் சிறுகுடலின் உள்சவ்வுதான் முதலில் சாகும். சுமார் 6 மணி நேரத்துக்குள் அடைப்பை எடுத்தால் குடலைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. நேரம் கடந்து எடுத்தால், திரும்பப் பாயும் ரத்தமே குடலை மேலும் புண்ணாக்கும், கிருமியும் நச்சும் உடம்பில் கலந்து சிறுநீரகம், நுரையீரல் வரை போகும். சீக்கிரம் கண்டுபிடித்தால் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், நரம்பு வழியே திரவம், ஆன்டிபயாடிக் எல்லாம் உடனே தொடங்கலாம், ஆபரேஷனுக்கும் அனுப்பலாம். இவ்வளவும் தங்களுக்குத் தெரியாததா ஐயா? ஒரு டாக்டருக்கு நான் பாடம் எடுக்க வேண்டிய நிலை!

4. விடிந்த பிறகு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அந்தச் சாலையும் ரயில்வே கேட்டும் தாங்கள் அறிந்ததே, 108 வண்டியும் அங்கே நின்றுதான் போகும். மருத்துவக் கல்லூரியில் வயிற்றைத் திறந்தபோது குடல் கறுத்திருந்தது. பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். இப்போது அப்பா கஞ்சி குடித்தால் சற்று நேரத்தில் அப்படியே வெளியே போய்விடுகிறது. காலர் பட்டனைப் போட்டாலும் உள்ளே கை நுழைகிற அளவுக்கு இளைத்துவிட்டார். பந்தியில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்ட மனிதர், இன்று உப்புச் சர்க்கரைக் கரைசல் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறார்.

5. மெஷின் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, இரவுக்கு ஒரு டெக்னீஷியன் மட்டும் இல்லை. அடைப்பு ஆபீஸ் நேரம் பார்த்தா வரும்?

6. ஆகவே இரவுப் பணிக்கு டெக்னீஷியனை நியமித்து, படத்தை ஆன்லைனில் பார்த்துச் சொல்ல ஒரு ரேடியாலஜிஸ்ட்டையும் ஏற்பாடு செய்யும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு இனி இதனால் பயனில்லை, அடுத்து வருகிறவருக்காகக் கேட்கிறேன். தயவுசெய்து அந்தப் பூட்டைத் திறந்து விடுங்கள் ஐயா. இந்த முறையாவது பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்

இணைப்பு: டிஸ்சார்ஜ் சம்மரி, முந்தைய மனுக்களின் நகல்கள்