பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள்

பல்கலைக்கழகத்தின் புதைபடிவத் தொகுப்பைப் பராமரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சனிக்கிழமைகளில் தாவரப் புதைபடிவ அலமாரிகளை ஒழுங்குபடுத்த வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. போன வாரம் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

கையகலக் கறுப்புக் கல் ஒன்று. அதில் நாக்கு வடிவத்தில் ஓர் இலை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நடுநரம்பு நன்றாகத் தெரிகிறது. அதன் இரு பக்கமும் மெல்லிய நரம்புகள் பிரிந்து, மறுபடி சேர்ந்து, மீன்வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. குளோசோப்டெரிஸ் என்ற பழங்கால மர இலை என்று தோன்றியது. நடுநரம்பே இல்லாமல் வலை மட்டும் இருந்திருந்தால் கங்கமோப்டெரிஸ் என்ற வேறொரு பழங்கால இலை என்று யோசித்திருப்பேன். சரி, இதுவரை கண் சொல்லிவிடும். எந்த ஊர்க் கல் என்று கண்ணால் சொல்ல முடியாது. பெட்டியில் புது லேபிள்: "இலை, பெர்மியன்". காலத்தின் பெயர் இருக்கிறது, ஊர் இல்லை. கல் கிடைத்த ஊரை எழுதியிருக்கும் பழைய சீட்டு எங்கே என்று கேட்டேன். குப்பைக்குப் போய்விட்டதாம்.

இது சின்ன விஷயமில்லை. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், தென் கண்டங்கள் கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டியிருந்தபோது வளர்ந்த மரத்தின் இலை குளோசோப்டெரிஸ். இந்தியாவின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகையிலும் அந்த இலை உண்டு. 1912இல் அண்டார்டிகாவில், தென் துருவம் போய்த் திரும்பும் வழியில் ஸ்காட் குழுவினர் இறந்து கிடந்த கூடாரத்தருகே கிடைத்த கற்களிலும் உண்டு. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் நமக்குப் பக்கத்தில், சுமத்ராவின் ஜாம்பியில் கிடைத்த பெர்மியன் தாவரங்கள் சீனப் பக்கத்துக் காடுகளின் உறவு. ஊர்ப்பெயர் போனால், எந்த நிலம் எதனோடு ஒட்டியிருந்தது என்ற சாட்சியமும் போய்விடும்.

இன்னொன்று. குளோசோப்டெரிஸ் என்பது இலையின் பெயர். அதே மரத்தின் வேருக்கு வெர்டிப்ரேரியா என்று தனிப்பெயர். தனித்தனியாகக் கிடைப்பதால் தனித்தனிப் பெயர்கள். ஒரே பாறையில் எடுத்த இலையையும் வேரையும் வெவ்வேறு பெட்டியில் போட்டுச் சீட்டையும் எறிந்துவிட்டால், அவற்றை மறுபடி யார் சேர்ப்பது?

என் அம்மாவுக்குத் தமிழ்நாட்டில் திருவக்கரைப் பக்கம். அங்கே கல்மரங்கள் தரையிலேயே கிடக்கின்றன. எந்த ஊர் என்று யாரையும் கேட்க வேண்டாம். நம் அலமாரிக் கற்களுக்கோ அந்தச் சீட்டைத் தவிர வேறு ஊர் இல்லை.

ஆகவே, புது லேபிள் ஒட்டும் முன் பழைய சீட்டைக் கல்லோடு சேர்த்துப் படமெடுங்கள். அப்புறம் உறையில் போட்டு அதே பெட்டியில் வையுங்கள். பெயர் உறுதியில்லையென்றால் கேள்விக்குறி போடுங்கள். யார், எந்தத் தேதியில் அடையாளம் கண்டார் என்றும் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு அலமாரிகள் பாக்கி. அடுத்த சனிக்கிழமை வரை அவற்றைத் தொட வேண்டாம். உறைகளை நானே வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, ஈசூன்