இரண்டாவது சாவியைப் பிள்ளைகளுக்காகச் செய்து கொடுங்கள்

இந்தியாவில் கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு, குறிப்பாக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஆலை வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம்.

கார் வாங்கும்போது இரண்டு சாவி கொடுக்கிறீர்கள். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பல வருடமாக வண்டி ஓட்டும் நான் எடுத்தாலும், இப்போதுதான் லைசென்ஸ் வாங்கிய என் மகள் எடுத்தாலும் காருக்கு வித்தியாசம் தெரியாது. அதைத் தெரிய வையுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் கேட்பது புதிதல்ல. ஃபோர்டு 2008-ல் அமெரிக்காவில் அறிவித்த 'மைகீ' வசதி, 2015-ல் இங்கே ஃபிகோ ஆஸ்பயரிலும் வந்தது. அது ஒன்றும் சொகுசுக் கார் இல்லை. பெற்றோர் ஒரு சாவியைத் தனியாகப் பதிவு செய்துவிடலாம். அந்தச் சாவியில் கிளப்பினால் குறித்த வேகத்தைத் தாண்டி வண்டி போகாது, பாட்டுச் சத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, பெல்ட் போடும்வரை எச்சரிக்கை ஓயாது. 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. அதோடு அந்தச் சாவியும் போனது.

இப்போது ஷோரூமில் போய்க் கேட்டால், "ஆப் இருக்கு சார், ஸ்பீடு போனா உங்க போனுக்கு அலர்ட் வந்துடும்" என்கிறார்கள். சரி, வருகிறது. மகள் நெடுஞ்சாலையில் நூறில் போகிறாள், எனக்கு ஆபீஸில் போன் அதிர்கிறது. நான் என்ன செய்ய? அவளுக்குப் போன் போடவா? ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை போனை எடுக்க வைப்பதைவிட ஆபத்து வேறு உண்டா? எச்சரிக்கை போக வேண்டியது ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு. அதுவும் அந்த நொடியில்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2016 மாலிபு காரில் கொண்டுவந்த 'டீன் டிரைவர்' முறையைப் பாருங்கள். பிள்ளையின் சாவியில் வண்டி எடுத்தால், முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடும்வரை பாட்டு வராது. வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் போன்றவற்றை அணைக்க முடியாது. எவ்வளவு தூரம் ஓடியது, அதிகபட்ச வேகம் என்ன, பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். எத்தனை தடவை வேலை செய்தது என்று ஒரு ரிப்போர்ட் காரின் திரையிலேயே வரும். எங்கே போனாள் என்பது அதில் இருக்காது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதினெட்டு வயது ஆனவளை வேவு பார்க்க நான் விரும்பவில்லை. இருவரும் காரில் உட்கார்ந்து, "ஏன் இத்தனை தடவை அழுத்திப் பிரேக் போட்டாய்?" என்று பேச முடிந்தால் போதும்.

நம் சட்டத்தில் இந்த இடம் காலியாகவே கிடக்கிறது. எல்.எல்.ஆர். காலத்தில் எல் போர்டு மாட்டி, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று ராத்திரியே நண்பர்களை ஏற்றிக்கொண்டு ஈ.சி.ஆர். போகலாம், எந்தத் தடையும் இல்லை. நியூசிலாந்து 1987-லேயே படிப்படியாக உரிமை தரும் முறையைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு 'பி' பலகை மாட்டிய புது ஓட்டுநர் 90 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. அப்படியொரு சட்டம் இங்கே வரும்வரை காராவது அந்த வேலையைச் செய்யட்டும். (பதினெட்டுக்குக் கீழே இருந்தால் எந்தச் சாவியும் கொடுக்கக் கூடாது. 2019 சட்டத் திருத்தப்படி 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்குத்தான்.)

2019 ஜூலை முதல் புதுக் கார்களில் வேக எச்சரிக்கை கட்டாயம்தானே என்பீர்கள். 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும், 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கும். ஆடு மாடு குறுக்கே வரும் ஊர்ச் சாலையில், புதிதாக ஓட்டுகிறவருக்கு 80 என்பதே மிக அதிகம். எல்லையை நாங்களே 50, 60 என்று வைத்து, கை பழகப் பழக ஏற்றிக்கொள்ள வழி வேண்டும்.

பெல்ட் போடாமலே எச்சரிக்கைச் சத்தத்தை நிறுத்த, பக்கிளில் செருகுவதற்காக விற்கும் போலி க்ளிப் உங்களுக்குத் தெரியாததல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவால் 2023-ல் ஐந்து ஆன்லைன் கடைகளிலிருந்து 13,118 விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. பக்கிளில் மட்டும் சென்சார் வைத்தால் அந்த க்ளிப் எந்தக் காரையும் ஏமாற்றும். பெல்ட் உண்மையிலேயே இழுத்து மாட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் கார் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் டாப் மாடலில் மட்டும் வைத்து, சன்ரூஃபோடு சேர்த்து விற்காதீர்கள். பிள்ளைகள் ஓட்டப் பழகுவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் சாதாரணக் காரில்தான். பேஸ் மாடலிலேயே கொடுங்கள், மாதச் சந்தா இல்லாமல் கொடுங்கள். வடிவமைக்கும்போது புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். என் மகளிடம் சொல்லிவிட்டேன், நீங்கள் கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
தாம்பரம்